மந்தை தந்த கலாசாலை

கலஹாரிப் பாலையின் விளிம்பிலே வாழும் பாங்வாட்டோ மக்களுக்கு அன்று மாடே செல்வம். குற்றத்துக்குத் தண்டமும் மாடே. அச்செல்வத்தைக் கொண்டே அவர்களை ஒரு கலாசாலை கட்டுவித்தவர் செகெடி காமா.

அவர் புகழ்பெற்ற மன்னர் மூன்றாம் காமாவின் மைந்தர். 1905இல் செரோவே நகரிலே பிறந்தார். தென்னாபிரிக்காவின் போர்ட் ஹேர் கல்லூரியிலே பயின்றுகொண்டிருந்த காலத்தில், 1925இல், ஆட்சியிலிருந்த தமையனார் செக்கோமா காலமானார். பட்டத்துக்குரிய செரெட்சேக்கு அப்போது வயது நான்கு. குழந்தை வளரும்வரை ஆட்சியை நடத்தும் பொறுப்பு இருபது வயதுச் செகெடியின் தோளில் விழுந்தது. படிப்பு இடையிலே நின்றது.

இன்று பொட்சுவானா என வழங்கும் அந்நாடு அன்று பெச்சுவானாலாந்து என்னும் பெயருடன் பிரித்தானியரின் காப்பில் இருந்தது. வரி வாங்கிய அரசு கல்விக்கு அளித்ததோ சொற்பம். உயர்கல்வி நாடிய பிள்ளைகள் தென்னாபிரிக்காவுக்கே செல்ல வேண்டியிருந்தது. அந்நாட்டுடன் தம் நாடு இணைக்கப்படுவதை வாழ்நாள் முழுவதும் எதிர்த்த செகெடி, கல்விக்கு மட்டும் அதன் வாயிலில் நிற்பதை எங்ஙனம் பொறுப்பார்?

பிறர் உதவிக்குக் காத்திராமல், குடிகளிடம் மாடுகளைத் திரட்டினார். ஏறத்தாழ ஒரு லட்சம் பவுண் சேர்ந்தது. ஒத்த வயதினரைக் கொண்ட படையணிகள், மரபுப்படி கூலியின்றி உழைத்தன. மலைகள் சூழ்ந்த ஒதுக்கிடமாகிய மோயெங்கில் 1949இல் கலாசாலை திறக்கப்பட்டது.

ஆயினும் அவ்வுழைப்பு ஆணையால் வந்தது. வீட்டையும் வயலையும் விட்டு வந்தோர் பலரின் மனத்திலே குறை இருந்தது. செகெடி அறிவாளர், அஞ்சாதவர். ஆனால் மறுமொழியை எளிதிலே பொறாதவர். 1948இல் செரெட்சே இலண்டனிலே வெள்ளையினப் பெண்ணாகிய ரூத் வில்லியம்ஸை மணந்தபோது அவர் கடுமையாக எதிர்த்தார். கலாசாலை திறந்த அதே 1949இலே, கோட்லா எனப்படும் ஊர்ப்பொதுச்சபையில் கூடிய மக்கள் செரெட்சேயின் பக்கமே நின்றனர். இருபத்துமூன்று ஆண்டு ஆண்டவர் சொந்த ஊரை விட்டு வெளியேறினார். மறு ஆண்டு பிரித்தானிய அரசு செரெட்சேயையும் நாடு கடத்தியது.

துன்பம் இருவரையும் மாற்றியது. 1956இல் பகை தீர்ந்தது. இருவரும் தலைமைப் பட்டத்தைத் துறந்து நாடு திரும்பினர். மன்னர் ஒருவரே முடிவு செய்வதன்றி, மக்கள் சபைகள் வழியாக நிருவாகம் நடக்கவேண்டுமென இருவரும் இசைந்து உழைத்தனர். செகெடி 1959இல் இலண்டனிலே காலமானார். 1966இல் நாடு விடுதலை பெற்றது. செரெட்சே அதன் முதற் சனாதிபதியானார்.

1975இல், லெசோத்தோ நாடு அயல்நாடுகளுடன் கூட்டாக நடத்திய சர்வகலாசாலையிலிருந்து விலகி, தன் மண்ணிலிருந்த வளாகத்தைத் தனதாக்கிக்கொண்டது. பொட்சுவானா தனக்கென ஒன்றைக் கட்ட நேர்ந்தது. மறு ஆண்டு செரெட்சே, ஆளுக்கொரு மாடு தருக என்று மக்களை வேண்டினார். மாடில்லாதோர் பணமும் தானியமும் தந்தனர். 1982இல் பொட்சுவானாச் சர்வகலாசாலை முறைப்படி நிறுவப்பட்டது.

சிறிய தந்தையார் காட்டிய வழியிலேயே மைந்தர் சென்றார். ஆனால் முன்னவர் கட்டளையிட்டார், பின்னவர் கேட்டார். தன் கல்விக்குத் தானே பொருள் தேடும் துணிவைச் செகெடி தம் மக்களுக்குக் கற்பித்தார். மக்களின் இசைவின்றி எந்த நற்செயலும் நிறைவெய்தாது என்பதை அம்மக்களிடமிருந்து அவர் கற்றார்.