புத்தகக் கடைக்காரரிடம் பாடம் கேட்ட பேராசிரியர்



சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் நம்மிடம் கேட்கிற முதல் கேள்வி, என்ன படிக்கிறாய் என்பதுதான். டிப்ளமோ என்று சொன்னவுடனே, ஓகோ... டிப்ளமோதானா என்று ஒரு இழுப்பு இழுப்பார்கள் பாருங்கள், அதிலேயே பந்திச் சாப்பாடு கசந்து போகும்! எனக்கும் அப்படித்தான். முதலாண்டுக் கணக்கில் அரியர் விழுந்தபோது புத்தகத்தைத் தொடவே வெறுப்பாக இருந்தது. அந்த நேரத்தில், ஃபேன் காற்றுக்காக நூலகத்தில் போய் உட்கார்ந்த என் கையில் கிடைத்ததுதான் மறைமலை அடிகளின் வாழ்க்கை வரலாறு. தனித்தமிழ்த் தந்தை என்று பத்தாம் வகுப்பில் ஒரு மார்க்குக்காக மனப்பாடம் செய்தோமே, அவரேதான்.

1876 ஜூலை 15-ல் நாகப்பட்டினத்தில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் வேதாசலம். அப்பா சொக்கநாதபிள்ளை சிறுவயதிலேயே காலமாகிவிட, அம்மா சின்னம்மைதான் வளர்த்தார். பள்ளிப் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்று போயிற்று. ஆமாம் நண்பர்களே, நம்மில் யாரை விடவும் குறைந்த சர்டிபிகேட்!

பள்ளிக்கூடம் கதவைச் சாத்தினால் என்ன, புத்தகக் கடை திறந்திருக்கிறதே! நாகையில் புத்தக வியாபாரம் செய்து வந்தவர் நாராயணசாமிப் பிள்ளை. பெரிய தமிழறிஞர். பையன் அவரிடம் போய்ச் சேர்ந்தான். கடையில் இருந்த நூல்களே பாடநூல்கள். தொல்காப்பியத்திலிருந்து சங்க நூல்கள், திருக்குறள், சிலம்பு, சைவ நூல்கள் என்று ஒன்று விடாமல் படித்தான். பரீட்சையும் கிடையாது, மார்க்கும் கிடையாது. மனோன்மணீயம் எழுதிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளையும் இதே நாராயணசாமிப் பிள்ளையிடம் பாடம் கேட்டவர்தான் என்றால் அந்தக் கடைக்காரரின் பெருமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படிப்பு எங்கே கொண்டு போய் விட்டது தெரியுமா? 1898 மார்ச்சில், 21 வயதில், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை! அப்போது அந்தக் கல்லூரி தாம்பரத்தில் இல்லை, பாரிமுனைப் பக்கம் இருந்தது. அங்கே மூத்த தமிழாசிரியர் பரிதிமாற் கலைஞர். கல்லூரிப் படியே மிதிக்காதவர் கல்லூரி மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். 1902-ல் ஞானசாகரம் என்ற இதழைத் தொடங்கினார். முல்லைப்பாட்டுக்கும் பட்டினப்பாலைக்கும் ஆராய்ச்சியுரை எழுதினார். காளிதாசரின் சாகுந்தலத்தை வடமொழியிலிருந்து தமிழில் தந்தார்.

நன்றாகப் போய்க் கொண்டிருந்த வண்டி 1911-ல் நின்றது. தமிழ் இனிக் கட்டாயப் பாடம் இல்லை என்று பல்கலைக்கழகம் முடிவெடுக்க, அவர் கல்லூரியை விட்டு வெளியே வந்தார். குடும்பம் இருக்கிறது, மாதச் சம்பளம் இல்லை. நாமாக இருந்தால் முதலில் எதை நிறுத்துவோம்? புத்தகம் வாங்குவதைத்தான்! அவர் அதை மட்டும் நிறுத்தவில்லை. பல்லாவரத்தில் குடியேறி, துறவுக் கோலம் பூண்டு, சொற்பொழிவாலும் எழுத்தாலும் வாழ்ந்தார். வீட்டிலேயே மணிமொழி நூல்நிலையம் வளர்ந்து கொண்டே போனது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1916 வாக்கில் மகள் நீலாம்பிகையோடு சேர்ந்து தனித்தமிழ் இயக்கம் கண்டவர் இவர். வேதம் என்றால் மறை, அசலம் என்றால் மலை என்று தன் பெயரையே மாற்றிக் கொண்டவர். அதனால் மற்ற மொழிகளை ஒதுக்கியவர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது தப்பு! வடமொழியையும் ஆங்கிலத்தையும் ஆழமாகக் கற்றவர். தன் நாட்குறிப்பையே ஆங்கிலத்தில் எழுதியவர். அந்தப் படிப்பெல்லாம் தமிழில் நூல்களாக வந்து விழுந்தது. நீண்ட நாள் வாழ்வது எப்படி, மனோவசியம் என்பது என்ன, தொலைவில் நடப்பதை மனத்தால் உணர முடியுமா என்றெல்லாம் கூடப் புத்தகம் போட்டிருக்கிறார். அவர் சொன்ன எல்லாவற்றையும் இன்றைய விஞ்ஞானம் ஒப்புக்கொள்ளாது. ஆனால் இது நம்ம சப்ஜெக்ட் இல்லையே என்று எந்தப் புத்தகத்தையும் அவர் தள்ளி வைக்கவில்லை பாருங்கள், அதுதான் என்னை உலுக்கியது. மெக்கானிக்கல்காரன் எலக்ட்ரிகல் புத்தகத்தைப் புரட்டுகிறோமா நாம்?

1950 செப்டம்பர் 15-ல் அடிகள் மறைந்தபோது நூல்நிலையத்தில் ஏறத்தாழ நாலாயிரம் நூல்கள். வாழ்நாளெல்லாம் சிறுகச் சிறுகச் சேர்த்த சொத்து. அதைப் பொதுமக்கள் படிப்பதற்கு விட்டுவிட வேண்டும் என்று உயில் எழுதி வைத்திருந்தார். அதன்படி 1958-ல் சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் மறைமலை அடிகள் நூலகம் திறக்கப்பட்டது. சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் அதை நடத்தியது. பின்னாளில் கன்னிமாரா நூலகக் கட்டடத்துக்கு இடம் மாறியது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவரின் புத்தகங்களைப் படித்து, டாக்டர் பட்டம் வாங்கப் போகிறவர்கள் குறிப்பெடுக்கிறார்கள்!

நம்ம மதுரையில் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்களே, அந்தத் தேதி நினைவிருக்கிறதா? ஜூலை 15. கர்மவீரர் காமராஜர் பிறந்த நாள் என்று எல்லோருக்கும் தெரியும். அதே நாள்தான் மறைமலை அடிகளும் பிறந்த நாள். திருநகரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். உள்ளே போய்ப் படிக்கக் காசு கேட்பதில்லை. என்ன படித்திருக்கிறாய் என்றும் யாரும் கேட்பதில்லை!

அந்தக் கணக்கு அரியரை நான் அடுத்த தடவையும் கோட்டை விட்டேன், மூன்றாவது தடவைதான் முடித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் புத்தகத்தின் மேல் இருந்த வெறுப்பு அன்றைக்கே போய்விட்டது. இனி எந்தக் கல்யாண வீட்டில் யார் இழுத்தாலும் சரி, டிப்ளமோதான் என்று நிமிர்ந்து சொல்லுவேன். கையில் ஒரு புத்தகமும் இருக்கும்.

வாசிப்போம்! வளர்வோம்!

– மூன்றாமாண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை