25 ரூபாய் பங்கில் கப்பல்: வ.உ.சி. முதல் திரட்டிய கதை

செவ்வாப்பேட்டை பக்கம் சின்னதாக ஒரு லேத் பட்டறை போடணும் என்றாலும் முதல் கேள்வி இதுதான்: கடனா, பங்கா? கடன் வாங்கினால் லாபம் வராத மாதத்திலும் தவணை கட்டணும். பங்குக்குத் தவணை இல்லை. ஆனால் தொழிலில் ஒரு பகுதி அடுத்தவருக்குச் சொந்தமாகிவிடும்.

ஒட்டப்பிடாரத்தில் 1872-ல் பிறந்த வக்கீல் வ.உ.சிதம்பரம் பிள்ளை, தூத்துக்குடியில் இருந்து கொழும்புக்குக் கப்பல் விடப் பங்கு வழியைத்தான் எடுத்தார். 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. இலக்கு 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அதே மாதம்தான் சென்னையில் அர்புத்நாட் கம்பெனி திவாலாகி, டெபாசிட் போட்டவர்கள் பணம் போச்சு. அந்த நேரத்தில் பங்கு விற்பது லேசான வேலையா என்ன?

முதலில் ஓடியது வாடகைக் கப்பல். பிரிட்டிஷ் கம்பெனி நெருக்கியதும் கொடுத்தவர் திருப்பி எடுத்துக்கொண்டார். வாடகையில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. எனவே பங்குப் பணத்தில் காலியா, லாவோ என இரண்டு கப்பல்கள் 1907-ல் வந்தன.

போட்டிக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தது. பங்குதாரருக்கு வட்டி கட்ட வேண்டாம், சரி. ஆனால் நஷ்டம் முதலையே தின்றது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். பலர் பணம் போட்டது அவர் முகத்துக்காகத்தான். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது.

1936-ல் இறப்பதற்கு முன் அவர் எழுதிய உயிலில் கடை பாக்கிகளும் இருந்தன.