என்பறிந்த மருத்துவர்

நாடி பிடித்து நோயறிதலை நாம் அறிவோம். நாடியேயன்றி, மூச்சின் ஏற்றிறக்கமும், தசைகளின் இறுக்கமும், என்புகளின் இருப்பும் தொடுவோர் விரலுக்குச் செய்தி கூறும் என நம்பி, அந்நம்பிக்கையின்மேல் ஆஸ்டியோபதி என்னும் மருத்துவ முறையை எழுப்பியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பார்.

இவர் அமெரிக்க நாட்டின் வர்ஜீனியா மாநிலத்தில் 1828ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் சமயப் போதகர்; மருத்துவமும் செய்தவர். மைந்தர் அவரிடமே மருத்துவம் பயின்றார். பத்து வயதளவில் ஒருநாள் தலைவலி வருத்தவே, இரு மரங்களுக்கிடையே கட்டிய ஊஞ்சற் கயிற்றைத் தாழ இறக்கி, அதன்மேல் போர்வையை இட்டுப் பிடரியைச் சாய்த்துப் படுத்தார். உறங்கி எழுந்தபோது வலி நீங்கியிருந்தது. சிறு நிகழ்ச்சிதான், எனினும் முதுமையிலும் அதனை அவர் மறந்திலர்.

1864ஆம் ஆண்டு மூளையுறைக் காய்ச்சல் அவர் இல்லத்துட் புகுந்தது. வளர்ப்பு மகவு உட்பட மக்கள் மூவரை அது கொண்டு சென்றது. இரசக் கலவையும், அபினும், குருதி வடித்தலுமே சிறந்த மருத்துவமாக எண்ணப்பட்ட காலம் அது. தாம் கற்ற மருத்துவம் தம் மக்களையே காக்க மாட்டாமை கண்டு, ஸ்டில் அதன்பால் நம்பிக்கை இழந்தார். உடலின் அமைப்பையே புதிதாய்க் கற்கத் தொடங்கினார். பழங்குடியினரின் புதைகுழிகளைத் தோண்டி என்புகளை எடுத்தும் ஆராய்ந்தார். அவருடைய அறிவு வேட்கை பெரிதே. ஆயினும் இறந்தோர் சுற்றத்தாரின் இசைவின்றிச் செய்த அச்செயல் போற்றத்தக்கதன்று.

1874இல் தம் கொள்கையை வெளியிட்டார். தம் குடும்பத்தார் நிலம் ஈந்து உருவாக உதவிய கல்லூரியே அவருக்குப் பேச இடம் தர மறுத்தது. மனம் தளராது மிசௌரி மாநிலத்துக் கர்க்ஸ்வில் நகரை அடைந்தார். 1892இல் அங்கே ஒரு கல்லூரி நிறுவினார். பெண்களும் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளப்பெற்றனர்.

அங்குப் பயின்ற வில்லியம் சதர்லாந்து, மண்டையோட்டு என்பொன்றின் விளிம்பு மீன் செவுள்போற் சரிந்திருத்தலைக் கண்டு, அவ்வென்புகளும் மூச்சுப்போல் நுண்ணிதாய் அசைகின்றன எனக் கருதினார். ஆயின், ஒரே தலையைப் பலர் தொட்டு எண்ணிய அசைவின் எண்ணிக்கை ஒத்து வரவில்லை என்று பின்னாளைய ஆய்வுகள் காட்டின. ஸ்டில் மருந்துகளை ஏறக்குறைய முற்றிலும் விலக்கியதும் நிலைக்கவில்லை. அவர் வழிவந்த அமெரிக்க மருத்துவர்கள் இன்று மருந்தும் தருகின்றனர், அறுவையும் செய்கின்றனர்.

ஸ்டில் 1917இல் கர்க்ஸ்வில்லிலேயே மறைந்தார். அவர் பிறந்த மரக்குடில் வர்ஜீனியாவிலிருந்து கொணரப்பெற்று, அந்நகர் அருங்காட்சியகத்தில் வைக்கப்பெற்றுள்ளது.