ஆசானைத் தேடிக் கடல் கடந்தவர்

கானகத்து ஓடையொன்றை மையினால் வரைய முயலும் மாணவன் அறிய வேண்டுவனவற்றுள் முதன்மையானது, நீரை வரையாது விடும் பக்குவமாகும். இருமருங்கும் பாறைகளைக் கோடரி வெட்டுப் போன்ற தூரிகைக் கீற்றுகளால் எழுப்பி, மரங்களை நிறுத்தி, இடையே தாளின் வெண்மையை விட்டுவைத்தால் அவ்வெண்மையே ஓடையாகிவிடும். சீனத்திற் பிறந்த இம்மரபில் யப்பானியருட் சிகரமாக விளங்கியவர் செஸ்ஷு தோயோ.

1420இல் பிச்சு மாநிலத்திற் பிறந்த செஸ்ஷு, இளமையிலேயே பௌத்த மடமொன்றிற் சேர்க்கப்பட்டார். ஓவியப் பித்தினாற் பாடத்தை மறந்த சிறுவனைத் தூணிற் கட்டிவைத்தனர் என்றும், அவன் தன் கண்ணீரைக் கால்விரலாற் தொட்டுத் தரையில் எலியொன்றை வரைந்தான் என்றும் பிற்காலத்தார் கதை கூறுவர். பின்னர்க் கியோத்தோ நகரத்துச் சோகோகு மடத்தில், ஓவியத் துறவி சூபுன் அவருக்கு ஆசானாக வாய்த்தார். சூபுனுக்கு முன்னோடி ஜோசெத்சு. இவ்விருவரும் போற்றிய நெறி சீனத்துச் சொங் காலத்து நெறியே. எனவே, அதன் ஊற்றையே நேரிற் காணச் செஸ்ஷு அவாவினார்.

1467இல், ஓனின் போர் மூண்டு கியோத்தோ எரியத் தொடங்கிய அதே ஆண்டில், ஊச்சி குலத்தாரின் ஆதரவுடன் அவர் கடல் கடந்தார். நிங்போவில் இறங்கித் தியன்தொங் மடத்தில் மதிப்புப் பெற்று, பீக்கிங் வரை சென்றார். அங்கே அரசுச் சடங்குகள் அமைச்சின் மண்டபச் சுவரில் ஓவியமுந் தீட்டினார். மலையும் ஆறும் கண்முன்னே விரிந்தன. தேடிச்சென்ற ஆசான்களோ அரிதாகவே கிடைத்தனர். 1469இல் தாயகம் மீண்டார்.

1486இல் அவர் வரைந்த நிலக்காட்சிச் சுருள் ஏறத்தாழ 16 மீற்றர் நீளமானது. அதனை விரிக்க விரிக்க, இளவேனிற் பாறைவழியே புறப்படும் நம் கண் ஓடைகளையும் சோலைகளையும் கடந்து பனிக்காலத்திற் சென்றடைகிறது.

1495இல், சோயென் என்னும் மாணவர் விடைபெற்றுச் செல்லுங்கால், தம்மிடங் கற்றமைக்குச் சான்றாக ஓர் ஓவியம் வேண்டினார். எழுபத்தைந்து அகவையை எட்டிய செஸ்ஷு, மையைச் சிதறவிட்டு வரையும் முறையில் மலையும் மரமும் நீரும் தோன்றச் செய்து, அதன்மேல் தம் வரலாற்றையும் எழுதினார். சீனத்தில் வண்ணமிடுதலையும் அம்மை முறையையும் கற்றதை மறைத்தாரல்லர். ஆயினும், அங்கு சென்றபின்னரே ஜோசெத்சு, சூபுன் ஆகியோரின் பெருமையைத் தாம் உள்ளபடி உணர்ந்ததாக அதிற் குறித்தார்.

அதனைக் கேட்டு மகிழச் சூபுன் அப்போது உயிரோடு இல்லை. ஆசானுக்குச் செலுத்த இயலாத நன்றியைச் செஸ்ஷு தம் மாணவரின் கையிற் கொடுத்தனுப்பினார்.