பிதா பிறவுணைப் படைத்த செஸ்டர்ட்டன்

துப்பறியும் கதைப் புத்தகம் ஒன்று பிள்ளையின் கையில் இருக்கக் கண்டால், அதை வைத்துவிட்டுப் பாடப் புத்தகத்தை எடு என்று சொல்லாத பெற்றோர் நம்மிடையே குறைவு. கொலையையும் களவையும் ஆள்மாறாட்டத்தையும் வாசித்துப் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளப் போகிறது என்பது அவர்களுடைய கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் இதே கதை வகையைக் கையில் எடுத்து, அதன் நடுவில் ஒரு கத்தோலிக்கக் குருவானவரை நிறுத்தி, கள்வனையும் கொலைகாரனையும் மீட்கப்பட வேண்டிய ஆன்மாக்களாகக் காட்டிய எழுத்தாளர் ஒருவர் இருந்தார். அந்தக் கதைகளை எழுதத் தொடங்கியபோது அவர் கத்தோலிக்கரே அல்லர் என்பதுதான் புதுமை.

கில்பேட் கீத் செஸ்டர்ட்டன் 1874ஆம் ஆண்டு மே 29ஆந் திகதி இலண்டன் மாநகரின் கென்சிங்டன் பகுதியில் பிறந்தார். தந்தையார் எட்வேட், வீடு வளவு விற்பனைத் தரகு செய்யும் குடும்பத் தொழிலுக்கு உரியவர். எனினும் அவருடைய மனம் தொழிலில் அன்றிக் கைவேலைகளில் இருந்தது. கடதாசி மட்டையில் அரங்கும் பாத்திரங்களும் வெட்டி, வீட்டுக்குள்ளேயே சிறு நாடகம் நடத்திக் காட்டுவார். தம் வாழ்வின் முதல் நினைவுகளில் ஒன்றாக அந்தப் பொம்மை அரங்கைத்தான் செஸ்டர்ட்டன் பின்னாளில் குறித்து வைத்தார். சென் போல்ஸ் பாடசாலையில் அவர் கெட்டிக்கார மாணவனாக எண்ணப்படவில்லை. உயரமாய், எப்போதும் ஏதோ கனவில் இருப்பவராய், பாடத்தைக் கவனியாதவராய் இருந்தார். அங்கே கிடைத்த நண்பர் பென்ற்லி என்பவர் பிற்காலத்தில் தாமும் ஒரு புகழ்பெற்ற துப்பறியும் நாவலை எழுதி, அதைச் செஸ்டர்ட்டனுக்கே காணிக்கையாக்கினார்.

பாடசாலை முடிந்ததும் சித்திரம் பயில இலண்டனில் உள்ள சிலேட் கலைக்கல்லூரிக்குச் சென்றார். இந்தக் காலத்தைப் பலர் இரண்டு வரியில் சொல்லிக் கடந்துவிடுவர். அவரைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல் என்பது எமது எண்ணம். இருபது வயதை அடுத்த அந்த இளைஞரின் உள்ளம் இருண்டு போயிற்று. உலகம் உண்மையில் இருக்கிறதா, எல்லாம் தன் மனத்தின் தோற்றமா என்ற மயக்கம் ஒரு பக்கம். ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லும் பலகையைத் தம்பி செசிலுடன் சேர்ந்து வைத்து விளையாடியது மறுபக்கம். எந்தக் கொடிய குற்றத்தையும் தாம் செய்யவில்லை, ஆனால் மிகக் கொடியவற்றையும் அந்நாட்களில் மனத்தில் கற்பனை செய்யத் தம்மால் முடிந்தது என்று அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். தன் நெஞ்சுக்குள்ளேயே ஒரு குற்றவாளி இருக்கிறான் என்பதை நேரில் கண்டு அஞ்சிய அனுபவம் அது.

சித்திரக்காரராக வராமல் பத்திரிகையாளரானார். 1901ஆம் ஆண்டு ஜூன் 28ஆந் திகதி பிரான்சிஸ் என்ற பக்தியுள்ள அங்கிலிக்கன் பெண்ணை மணந்தார். திருமணம் முடிந்து தேனிலவுக்குப் புறப்பட்ட வழியில், ஒரு கடையில் இறங்கி ஒரு கோப்பை பால் குடித்துவிட்டு, இன்னொரு கடையில் ஒரு கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வாங்கினாராம். கடற்கொள்ளைக்காரரிடமிருந்து மனைவியைக் காப்பதற்கு! அவருடைய விளையாட்டுப் புத்திக்கும் மறதிக்கும் இப்படிக் கதைகள் அநேகம். ஆறடி நான்கு அங்குல உயரம், அதற்கேற்ற பருமன், தோளில் ஒரு போர்வைச் சட்டை, கையில் வாள் மறைத்த ஊன்றுகோல். ஒருமுறை புகையிரதத்தில் ஏதோ ஓர் ஊரில் போய் இறங்கிவிட்டு, தான் இப்போது எங்கே இருக்க வேண்டும் என்று மனைவியிடம் தந்தி அடித்துக் கேட்ட மனிதர் அவர்.

திருமணமான அதே ஆண்டில் வந்த ஒரு கட்டுரைத் தொகுதியில், துப்பறியும் கதைகளுக்காக அவர் வழக்காடியிருந்தார். அப்போது கொனன் டொயிலின் ஷெர்லொக் ஹோம்ஸ் இங்கிலாந்து முழுவதும் வாசிக்கப்பட்டார். ஆனால் படித்தவர்கள் அதை இலக்கியமாக ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை. செஸ்டர்ட்டன் மறுத்தார். பழைய காவியங்களுக்குக் காடும் மலையும் எப்படியோ, துப்பறியும் கதைக்கு நகரத்துத் தெருவும் புகைபோக்கியும் அப்படி என்றார். ஒழுங்கைக் காக்கும் பொலிஸ்காரனே உண்மையான வீரன், சட்டத்தை மீறும் கள்வன் புதுமைக்காரன் அல்லன், பழைய காட்டுமிராண்டித்தனத்துக்குத் திரும்புபவன் என்று வாதாடினார். கதை எழுதுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, ஏன் எழுத வேண்டும் என்பதில் அவர் தெளிவாக இருந்தார்.

இனி வருவது அவருடைய வாழ்வையே திருப்பிய சம்பவம். 1904ஆம் ஆண்டளவில் யோர்க்ஷயர் பகுதியில் சொற்பொழிவாற்றச் சென்ற இடத்தில், கீத்லி என்ற ஊரில் உதவிப் பங்குக் குருவாயிருந்த அயர்லாந்தவரான வண. பிதா யோன் ஒக்கொனர் அவருக்கு அறிமுகமானார். இருவரும் மேட்டுப் புல்வெளி வழியாக இல்க்லி என்ற ஊருக்கு நடந்தனர். வழியில் செஸ்டர்ட்டன், சமூகத் தீமைகள் பற்றித் தாம் எழுத எண்ணியிருந்த ஒரு கருத்தைச் சொன்னார். அமைதியான அந்தக் குருவானவரோ, அவர் அறியாமல் பேசுகிறார் என்று காட்டி, மனிதர் இறங்கக்கூடிய தாழ்வுகள் சிலவற்றை நிதானமாக எடுத்துச் சொன்னார். செஸ்டர்ட்டன் திகைத்துப் போனார். தாம் இருட்டில் கண்டு அஞ்சிய பாதாளங்களை இந்த மனிதர் தம்மிலும் ஆழமாக அறிந்திருக்கிறார்; ஆயினும் முகத்தில் அமைதி கெடவில்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்த வீட்டில் கேம்பிரிட்ஜ் மாணவர் இருவர் இருந்தனர். குருவானவர் அவர்களோடு இசையைப் பற்றியும் கட்டடக் கலையைப் பற்றியும் பேசிவிட்டு எழுந்து சென்றார். அவர் போனதும் ஒரு மாணவன், இவர் படித்தவர்தான், ஆனால் மடத்துக்குள் அடைந்து கிடப்பவருக்கு உலகத்தின் தீமை எங்கே தெரியப்போகிறது என்று இரங்கினான். செஸ்டர்ட்டனுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாயிற்று. அந்தக் குருவோடு ஒப்பிட்டால் இந்த இளைஞர்கள்தான் தொட்டில் குழந்தைகள் என்று அவருக்குத் தோன்றியது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஆண்டுக்கணக்காக அமர்ந்து மனிதரின் பாவங்களைக் கேட்கும் ஒருவர், எந்தப் பொலிஸ் அதிகாரியிலும் கூடுதலாகக் குற்றத்தை அறிவார்; ஆனால் யாரும் அவரை அப்படி நினைப்பதில்லை. இதைவிட நல்ல துப்பறிவாளன் கதைக்குக் கிடைப்பானா?

இப்படித்தான் பிதா பிறவுண் பிறந்தார். பிதா ஒக்கொனரின் அறிவை எடுத்துக்கொண்டு, வெளித்தோற்றத்தை மாற்றிவிட்டார் செஸ்டர்ட்டன். உருண்டை முகம், குள்ள உருவம், கையிலிருந்து நழுவி விழும் குடை, கடதாசிப் பொட்டலங்கள். முதற்கதை 1910இல் சஞ்சிகையில் வெளியாயிற்று. முதல் தொகுதி 1911இல் வந்தது. இலண்டனில் கூடும் நற்கருணை மாநாட்டுக்கு நீலக்கற்கள் பதித்த சிலுவை ஒன்றைக் கொண்டுபோகிறார் பிறவுண் சுவாமி. பிளம்போ என்ற பேர்பெற்ற கள்வன் குருவேடம் பூண்டு கூடவே வருகிறான். வெள்ளைமனச் சுவாமியை ஏமாற்றுவது எளிது என்பது அவன் கணக்கு. சுவாமியோ, பொலிசார் பின்தொடரும்படி வழிநெடுக விசித்திரமான அடையாளங்களை விட்டுக்கொண்டே போகிறார். இவன் குருவல்லன் என்பதற்கு அவர் சொல்லும் காரணங்களுள் ஒன்று நம் குருமாணவர்களுக்கும் பிடிக்கும்: வேடதாரி, தன் பேச்சைப் பக்தியாகக் காட்ட எண்ணிப் பகுத்தறிவைத் தாழ்த்திப் பேசினான், அது தவறான இறையியல்!

அந்தப் பிளம்போவைச் சுவாமி சிறைக்கு அனுப்பவில்லை. இன்னொரு கதையில், கிறிஸ்மஸ் காலத்து இரவில், வைரங்களைத் திருடிக்கொண்டு தோட்டத்து மரத்தில் ஏறிவிட்ட அவனிடம், மரத்தின் கீழ் நின்று பேசுகிறார். கள்வனாய் வாழ்பவன் ஒரே மட்டத்தில் நிற்க முடியாது, கீழே கீழே போகவே வேண்டும், இந்தக் களவுப்பழி இப்போதே ஒரு அப்பாவி மேல் விழப்போகிறது என்று புரிய வைக்கிறார். வைரங்கள் மேலிருந்து புல்தரையில் விழுகின்றன. பிளம்போ களவைக் கைவிட்டு, பிற்பாடு அவருடைய உற்ற நண்பனாகவும் துப்பறிவாளனாகவும் மாறுகிறான். ஹோம்ஸ் கதைகளில் விலங்கு பூட்டுவதோடு முடிந்துவிடும் விடயம், இங்கே அதற்கப்பால் செல்கிறது.

1927இல் வந்த நான்காம் தொகுதியில், உங்கள் முறை என்ன என்று ஓர் அமெரிக்கர் சுவாமியிடம் கேட்கிறார். அந்தக் கொலைகளையெல்லாம் செய்தவன் நானே என்பது போல் அவர் பதில் சொல்லக் கேட்டவர் அதிர்ந்து போகிறார். அவர் கருதுவது இது: குற்றவாளியை ஏதோ ஒரு பூச்சியைப் போல வெளியிலிருந்து ஆராயாமல், அவனுடைய நெஞ்சுக்குள் தாமே புகுந்து, அவனைப் போலவே நினைத்து, தாமும் அந்தக் கொலையைச் செய்யக்கூடியவர் என்று உணரும்வரை காத்திருக்கிறார். சிலேட் கல்லூரியின் இருட்டில் தட்டுத்தடுமாறிய இளைஞனின் அனுபவமே இங்கே ஒரு குருவின் ஆத்தும சோதனையாக மாறி நிற்கிறது. அதே தொகுதியின் இன்னொரு கதையில், சீமான்கள் சிலர் ஒரு பழைய குற்றத்தை மன்னிக்கும்படி மன்றாடி, குருமார் இரக்கமற்றவர் என்று ஏசுகிறார்கள். உண்மையான குற்றம் அதனினும் இழிந்தது என்று தெரிந்ததும் அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள, அந்தப் பாவியோடு நிற்பவர் குருவானவர் ஒருவரே. ஐந்து தொகுதிகளிலும் இதைப் போல வேறொன்று இல்லை என்பேன்.

கதைகளில் குரு வந்து பன்னிரண்டு ஆண்டுகளாகியும் கதாசிரியர் வாசலிலேயே நின்றார். 1914ஆம் ஆண்டின் இறுதியில் கடும் நோயுற்றுப் பல வாரங்கள் நினைவிழந்து கிடந்தார். 1918இல் தம்பி செசில் பிரான்சில் இராணுவ வைத்தியசாலையில் இறந்தார். உயிர்போல் நேசித்த மனைவி அங்கிலிக்கன் சபையில் இருக்க, அவரை விட்டுத் தனியே அடியெடுத்து வைக்க அவரால் இயலவில்லை. கடைசியில் 1922 ஜூலை 30ஆந் திகதி, பீக்கன்ஸ்ஃபீல்ட் என்ற தம் ஊரில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அவ்வூரில் அப்போது கத்தோலிக்கக் கோவில் இல்லை. புகையிரத நிலையத்தருகே ஒரு விடுதியின் கொட்டகையே சிற்றாலயமாகப் பயன்பட்டது. அவரை ஏற்றுக்கொண்டவர் வேறு யாருமல்லர், பிதா ஒக்கொனரே. ஏன் சேர்ந்தீர் என்று கேட்டவர்களுக்கு, என் பாவங்கள் போக வேண்டும் என்பதற்காக என்று மறுமொழி சொன்னார். பிரான்சிஸ் அம்மையார் 1926இல் அவரைப் பின்தொடர்ந்தார்.

அதன்பின் வந்த பிறவுண் கதைகள் பலவற்றைத் தம் பெயரால் நடத்திய வாரப் பத்திரிகையின் நட்டத்தை ஈடுகட்டவே எழுதினார். அந்த அவசரம் சில கதைகளில் தெரியத்தான் செய்கிறது. ஆயினும் 1926ஆம் ஆண்டுத் தொகுதியில் ஒரு நல்ல திருப்பம் உண்டு: சாபம், மாயம், அற்புதம் என்று மற்றவர்கள் ஓடும்போது, அதை நம்ப மறுத்து இயற்கையான காரணத்தைத் தேடுபவர் குருவானவர்தான். இது அக்காலத் துப்பறியும் எழுத்தாளர் வகுத்த நீதியோடும் பொருந்திற்று. 1929இல் வண. பிதா றொனால்ட் நொக்ஸ், பின்னாளில் வேதாகமத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அதே நொக்ஸ், இவ்வகைக் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தோன்ற வேண்டும், தடயம் எதுவும் வாசகரிடமிருந்து மறைக்கப்படலாகாது, பேய் பிசாசு வந்து முடிச்சை அவிழ்க்கக் கூடாது என்பன அவற்றுட் சில. 1930இல் உருவான துப்பறியும் எழுத்தாளர் கழகத்தில் அகதா கிறிஸ்ரியும் டொறதி சேயர்சும் நொக்சும் உறுப்பினராயிருக்க, முதல் தலைவராக அமர்ந்தவர் செஸ்டர்ட்டன்.

அவரிடம் குறையில்லை என்று எழுதுவது அவருக்கே பிடியாது. யூத மக்களைப் பற்றி அவர் எழுதியவற்றுள் பல நியாயமற்றவை. 1930களில் ஹிட்லர் அவர்களைத் துன்புறுத்தியதை அவர் கண்டித்தார் என்பதால் முன்பு எழுதியது அழிந்துவிடாது. பிறவுண் கதைகளிலும் கறுப்பினத்தவரையும் நம்மைப் போன்ற கீழைத்தேயத்தாரையும் பற்றி வரும் சில சொற்கள் இன்று வாசிக்கையில் சுடுகின்றன. அவரைப் புனிதராக்கும் முயற்சியைத் தொடங்கக் கேட்டபோது, 2019இல் நோதாம்ற்றன் ஆயர் இணங்கவில்லை. அவர் காட்டிய காரணங்களில் யூதர் பற்றிய எழுத்துகளும் ஒன்று. பிள்ளைகளிடம் இந்தப் புத்தகங்களைக் கொடுக்கும் பெற்றோர் இதையும் சேர்த்தே சொல்லிக் கொடுப்பது நன்று.

1936 ஜூன் 14ஆந் திகதி தமது 62ஆவது வயதில் பீக்கன்ஸ்ஃபீல்டில் காலமானார். வெஸ்ற்மின்ஸ்ரர் பேராலயத்தில் நடந்த இரங்கல் பூசையில் நொக்ஸ் மறையுரையாற்றினார். பாப்பரசர் பதினோராம் பத்திநாதரின் அனுதாபத் தந்தி, அவரை விசுவாசத்தின் காவலர் என்று புகழ்ந்திருந்தது.

படித்தவர்கள் ஏளனஞ்செய்த அந்தக் கதை வகை, 2015 முதல் இங்கிலாந்தின் உயர்தர வகுப்பு ஆங்கில இலக்கியப் பாடத்திட்டம் ஒன்றில் தனிப் பிரிவாகவே கற்பிக்கப்பட்டது. பிதா பிறவுணோ திரைக்கும் சென்றார். 1954ஆம் ஆண்டு வெளிவந்த படத்தில் அவராக நடித்தவர் அலெக் கின்னஸ். பிரான்சில் படப்பிடிப்பு நடந்த நாளொன்றில், அங்கியைக் கழற்றாமலே மாலையில் கிராமத்து வழியே தங்குமிடம் திரும்பிக்கொண்டிருந்தார். எங்கிருந்தோ ஓடிவந்த சிறுவன் ஒருவன், உண்மையான சுவாமி என்றெண்ணி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, வாய் ஓயாமல் பேசியபடி நெடுந்தூரம் கூடவே நடந்தான். தம்முடைய மோசமான பிரெஞ்சுப் பேச்சு அவனைப் பயமுறுத்திவிடுமென்று கின்னஸ் வாய் திறக்கவில்லை. ஒரு வேலிச் சந்தில் சிறுவன் விடைபெற்று மறைந்தான். முன்பின் அறியாத ஒருவரிடம், அங்கியை மட்டும் கண்டு ஒரு குழந்தை வைத்த அந்த நம்பிக்கை, கத்தோலிக்கரைப் பற்றி அவர் சிறு வயது முதல் கொண்டிருந்த சந்தேகங்களை அசைத்துவிட்டது. 1956இல் அவர் திருச்சபையில் சேர்ந்தார்.