செரீஸைக் கண்ட பியாட்சி அடிகளார்

சூரியனைச் சுற்றுங் கோள்கள் ஒன்பதென்று கல்லூரியிற் பாடஞ் செய்த நம்மிற் பலருக்கு, 2006 ஆம் ஆண்டிற் புளூட்டோ அவ்வரிசையினின்று நீக்கப்பட்டமை வருத்தத்தையே விளைத்தது. ஆயின், அவ்வாறு நிலையிழந்த முதற்கோள் புளூட்டோ அன்று. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே செரீஸ் அந்நிலையை எய்திற்று. அதனைக் கண்டவர் ஜுசெப்பே பியாட்சி அடிகளார்.

அடிகளார் 1746 ஆம் ஆண்டில் வட இத்தாலியிற் பிறந்தார். இளமையிலே துறவு பூண்டு, பின்னர்ச் சிசிலித் தீவின் பலேர்மோ நகரிற் கணித ஆசிரியரானார். அங்கு வானாய்வு நிலையம் ஒன்றை நிறுவும் பொறுப்பும் இவரைச் சார்ந்தது. அதன்பொருட்டு இலண்டன் சென்று, கருவி செய்வதில் இணையற்ற ராம்ஸ்டன் என்பாரைக் கொண்டு ஐந்தடி விட்டமுள்ள வட்ட அளவுகருவி ஒன்றைச் செய்வித்தார். ராம்ஸ்டன் காலந் தாழ்த்துவதிலும் இணையற்றவர்! அவரை விடாது தூண்டியே 1789 இல் வேலையை முடிப்பித்தார்.

விண்மீன் ஒன்றை ஓரிரவு அளந்தமையாது, பல இரவுகள் அளந்த பின்னரே பட்டியலிற் சேர்ப்பது அடிகளாரின் வழக்கம். 1801 ஆம் ஆண்டு சனவரி மாதம் முதலாந் திகதி இரவு, இடப ராசியில் மங்கிய மீனொன்றைக் குறித்தார். மறுநாளிரவு அது இடம்பெயர்ந்திருந்தது. தம் அளவே பிழைத்ததோ என முதலில் ஐயுற்றார். தொடர்ந்து நோக்கித் தெளிந்தார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே கோளொன்று இருத்தல் வேண்டுமென ஜேர்மனிய அறிஞர் தேட முனைந்திருந்த காலம் அது. எனினும், அடிகளார் அதனை வால்வெள்ளி என்றே அறிவித்தார். கோளாயிருத்தலுங் கூடும் என்னும் எண்ணத்தை நண்பர் ஓரியானிக்கு எழுதினார். பெப்ரவரியில் நோய்வாய்ப்பட்டார்; செரீஸும் சூரியவொளியில் மறைந்தது. இருபத்துநான்கு வயதினரான கவுஸ், அடிகளாரின் சிற்சில அளவுகளைக் கொண்டே அதன் பாதையைக் கணித்தார். ஆண்டிறுதியில் அது மீண்டும் அகப்பட்டது. அளவுகள் திருத்தமற்றிருப்பின் கவுஸின் கணித வன்மையும் பயன்பட்டிராது.

புகழுடன் வழக்கும் வந்தது. 1802 இல் அதே வெளியில் ஓல்பெர்ஸ் பல்லாஸைக் கண்டார். இவை கோளாகா, சிறுகோள்களென வேறு வகுக்கத்தக்கன என்றார் ஹேர்ஷல். அவர் இட்ட புதுப்பெயர் அடிகளாருக்கு உவக்கவில்லை. 1804 இல் யூனோவும், 1807 இல் வெஸ்தாவுங் கண்டறியப்பட்டன. பிற்காலத்தில் இத்தகையன பல்கவே, செரீஸ் கோள்வரிசையினின்று விலக்கப்பட்டது.

2006 இல் வகுத்த விதிகள் மூன்று. கோளெனப்படுவது சூரியனைச் சுற்றல் வேண்டும். தன் ஈர்ப்பினாலே உருண்டை வடிவுறல் வேண்டும். தன் பாதையின் அயலிலுள்ள பிற பொருள்களை அகற்றியிருத்தலும் வேண்டும். ஏறத்தாழ 940 கிலோமீற்றர் விட்டமுடைய செரீஸ் முன்னிரண்டிலுந் தேறி, மூன்றாவதில் தவறியது. எண்ணிறந்த சிறுகோள்களின் நடுவே அது சுற்றுகின்றது. புளூட்டோவும் அவ்வாறே பனிப்பொருட் கூட்டத்தின் நடுவிலுள்ளது. ஆகவே இரண்டும் குறுங்கோள்களாயின. செரீஸுக்கு இஃது ஏற்றம், புளூட்டோவுக்கோ இறக்கம்! மூன்றாம் விதி ஓருலகின் உருவைப் பற்றியதன்று, அதன் அயலைப் பற்றியது என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

அடிகளார் 1814 இல் 7646 விண்மீன்களின் பட்டியலை வெளியிட்டு, 1826 இல் நேப்பிள்ஸ் நகரிற் காலமானார். 1923 இற் கண்டறியப்பட்ட ஆயிரமாவது சிறுகோள் பியாட்சியா என அவர் பெயரையே தாங்குகின்றது.