பட்டாவில் உங்கள் பெயர் ஏறிய கதை: தாமஸ் மன்றோ

உங்கள் பட்டாவை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். மாவட்டம், வட்டம், வருவாய் கிராமம், பட்டா எண், உரிமையாளர் பெயர், புல எண், உட்பிரிவு, நஞ்சையா புஞ்சையா, பரப்பு எவ்வளவு, தீர்வை எவ்வளவு என்று எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். அரசுக்கும் உங்களுக்கும் நடுவில் ஜமீன்தார் பெயரோ குத்தகைதாரர் பெயரோ அதில் இல்லை. நிலத்தை உழுபவர் பெயரிலேயே கணக்கு இருக்க வேண்டும் என்ற இந்த ஏற்பாடு தானாக வந்துவிடவில்லை. அதற்காக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாதாடியவர், சென்னை அண்ணா சாலையில் சேணமில்லாத குதிரை மேல் சிலையாக அமர்ந்திருக்கும் சர் தாமஸ் மன்றோ. அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் நம் நிலப் பதிவேடுகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதும் புரியும்.

கிளாஸ்கோவிலிருந்து கொத்தளத்துக்கு

மன்றோ 1761-ம் ஆண்டு மே 27-ம் தேதி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை வணிகர். அமெரிக்க விடுதலைப் போர் வந்ததும் புகையிலை வியாபாரம் நொடித்துக் குடும்பம் கடனில் விழுந்தது. பிழைப்புத் தேடி, கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பயிற்சி வீரராகச் சேர்ந்த மன்றோ, 1780 ஜனவரியில் மதராஸ் கரையில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 18.

அன்றைய மதராஸ் மதில் சூழ்ந்த ஊர். 1760-களின் கடைசியில் ஹைதர் அலியின் குதிரைப்படை நகரின் வாசல் வரை வந்துபோன பிறகு, கறுப்பர் நகரத்துக்கு வடக்கிலும் மேற்கிலும் கம்பெனி பெரிய மதிலைக் கட்டியது. பீரங்கி வைக்க மதிலில் துருத்தி நிற்கும் மேடைதான் கொத்தளம். வடசென்னையின் மூலக்கொத்தளம் அந்தக் காலத்தைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. மதில் கட்டிய செலவை ஊர்க்காரர்களிடம் வரியாக வாங்கத் திட்டமிட்டார்கள். பக்கத்தில் ஓடும் வால்டாக்ஸ் சாலையின் பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

துறைமுகத்திலும் ஆலைகளிலும் வேலைக்கு வந்து மூலக்கொத்தளம், ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் குடியேறிய பலருக்கு இன்றும் சொந்த ஊரில் ஒரு ஏக்கரோ இரண்டு ஏக்கரோ தாத்தா பெயரில் கிடக்கிறது. ஊரை விட்டு வந்த அப்படிப்பட்டவர்களுக்குத்தான் பதிவேடு படிக்கத் தெரிவது மிக அவசியம்.

பாராமகாலில் ஏழு ஆண்டு

மன்றோ முதல் பன்னிரண்டு ஆண்டுகள் சிப்பாய் வாழ்க்கைதான் வாழ்ந்தார். ஹைதருக்கும் திப்புவுக்கும் எதிரான போர்களில் இருந்தார். 1792-ல் திப்பு சுல்தானோடு ஏற்பட்ட உடன்படிக்கையில், இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர் பகுதிகளைக் கொண்ட பாராமகாலும் சேலமும் கம்பெனி வசம் வந்தன. அங்கே வரி வசூலிக்கக் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு என்ற படை அதிகாரியை நியமித்தார்கள். கம்பெனியின் சிவில் அதிகாரிகளுக்கு ஊர் மொழி தெரியாது என்பது இதற்கு ஒரு காரணம். அவருக்கு மூன்று உதவியாளர்கள். அவர்களில் ஒருவர் மன்றோ.

இங்கேதான் அவர் நிலத்தைப் படித்தார். கூடாரத்தோடு கிராமம் கிராமமாகப் போய் கணக்குப்பிள்ளையையும் மணியக்காரரையும் உட்கார வைத்து, எந்த வயலை யார் உழுகிறார், என்ன மண், என்ன விளைச்சல், எவ்வளவு தண்ணீர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கர்ணம் வீட்டு ஓலையில் இருப்பது ஒன்று, வயலில் இருப்பது வேறொன்று என்பது அவருக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆள் பலமுள்ளவர் நிலம் கணக்கில் சிறுத்தும், ஏழைக் குடியானவர் நிலம் பெருத்தும் இருந்தது. வயலை அளந்து எண் கொடுத்து, உழுபவர் பெயரோடு எழுதி வைத்தாலொழிய நியாயமான வரி வராது என்ற முடிவுக்கு ரீடும் மன்றோவும் வந்தார்கள். ரயத்துவாரி முறை முளைத்தது இந்த மண்ணில்தான். அந்தக் காலக் கடிதங்களும் அறிக்கைகளும் பிற்காலத்தில் ‘பாராமகால் ஆவணங்கள்’ என்ற பெயரில் தொகுதிகளாக அச்சாயின.

33 அடிச் சங்கிலி

1799-ல் கன்னடக் கரைக்கு மாற்றப்பட்ட மன்றோ, 1800-ல் நிஜாம் விட்டுக்கொடுத்த பெல்லாரி, கடப்பை, அனந்தபூர் பகுதிகளுக்குக் கலெக்டராகப் போனார். ஏழு ஆண்டுகள் அங்கே இருந்தார். 1802-ல் தொடங்கி அந்தப் பெரும் நிலப்பரப்பை வயல் வயலாக அளக்க வைத்தார்.

அளவைக்குப் பயன்பட்டது 33 அடிச் சங்கிலி. நீளத்திலும் அகலத்திலும் ஒரு சங்கிலி, அதாவது 1,089 சதுர அடி, ஒரு குண்டா. நாற்பது குண்டா ஒரு ஏக்கர், 43,560 சதுர அடி. கர்நாடகத்தில் இன்றும் குண்டாக் கணக்குதான். நாம் அதே ஏக்கரை நூறாகப் பிரித்துச் சென்ட் என்கிறோம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி.

அளந்து முடித்தபோது அரசின் பங்கு மொத்த விளைச்சலில் சுமார் 45 சதவீதமாக இருந்தது. இது தாங்காது என்று மன்றோவே எழுதினார். எல்லா நிலத்துக்கும் 25 சதவீதமும், கிணறு வெட்டி இறைத்துப் பாசனம் செய்யும் நிலத்துக்கு 33 சதவீதமும் குறைக்க வேண்டும் என்று 1807-ல் பரிந்துரைத்தார். சொந்தக் காசில் கிணறு வெட்டுபவனைத் தண்டிக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. மேலிடம் அதை ஏற்கவில்லை.

மிட்டாவும் குத்தகையும்

அவர் ஊருக்குத் திரும்புவதற்கு முன்பே மதராஸ் மாகாணம் எதிர்த் திசையில் போகத் தொடங்கியிருந்தது. வங்காளத்தைப் பார்த்து இங்கும் நிரந்தர ஜமீன் முறை கொண்டுவரப்பட்டது. சேலம், பாராமகால் நிலங்கள் மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விடப்பட்டன. ஏலம் எடுத்தவர்களில் பலர் கட்ட முடியாமல் கைவிட்டார்கள். பிறகு கிராமம் முழுவதையும் ஒருவரிடமோ சிலரிடமோ குத்தகைக்கு விடும் முறை வந்தது. அதிலும் குத்தகை எடுத்தவர் கொழுத்தார், அல்லது திவாலானார். குடியானவருக்கு விடிவில்லை.

லண்டனில் இருந்த மன்றோ சும்மா இருக்கவில்லை. பாராளுமன்றக் குழு முன் சாட்சியம் சொன்னார். கம்பெனி இயக்குநர்களிடம் வாதாடினார். 1814-ல் நீதி நிர்வாகச் சீர்திருத்தக் குழுத் தலைவராகத் திரும்பி வந்தார். 1820-ல் மதராஸ் கவர்னரானார். அந்த ஆண்டிலிருந்து ரயத்துவாரி மாகாணத்தின் பொது முறையானது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் நிராகரிக்கப்பட்ட வரிக் குறைப்பை, கடப்பை, பெல்லாரிச் சீமைகளில் தன் கையாலேயே அமல்படுத்தினார்.

அந்தச் சீமையில் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்தார்கள். மந்திராலயம் மடத்தின் இனாம் நிலத்தை விசாரிக்கப் போனபோது ராகவேந்திரர் அவருக்குக் காட்சி தந்தார் என்று பக்தர்கள் இன்றும் சொல்வார்கள். 1827-ல் பதவி விலகி ஊருக்குக் கிளம்பும் முன் அதே சீமையைக் கடைசியாகப் பார்க்கப் போனார். ஜூலை 6-ம் தேதி பத்திகொண்டாவில் காலரா கண்டு ஒரே நாளில் இறந்தார். கூத்தியில் அடக்கம் செய்யப்பட்ட அவர் உடல் 1831-ல் புனித ஜார்ஜ் கோட்டைத் தேவாலயத்துக்குக் கொண்டுவரப்பட்டது.

கணக்கில் வராதவர்கள்

அவரைப் புகழ்ந்து மட்டும் நிறுத்துவது சரியல்ல. குறைத்த பிறகும் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு வரி என்பது பெரும் சுமை. மழை பொய்த்த ஆண்டில் வரி பொய்க்கவில்லை. வரி வசூலுக்காகக் குடியானவர்களைச் சித்திரவதை செய்த கொடுமையை விசாரிக்க 1854-ல் தனிக் கமிஷனே வைக்க வேண்டியிருந்தது.

இன்னொரு குறை அதைவிடப் பெரியது. பட்டா நிலம் வைத்திருப்பவருக்குக் கிடைத்தது. அந்த நிலத்தில் நாற்று நட்டு, களை எடுத்து, அறுத்துக் கொடுத்த பண்ணையாட்களின் பெயர் எந்தக் கலத்திலும் ஏறவில்லை. செங்கல்பட்டுக் கலெக்டர் திரெமென்ஹீர் 1891-ல் அவர்கள் நிலையைப் பற்றி அறிக்கை கொடுத்த பிறகு, 1892-ல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. அதுதான் பஞ்சமி நிலம். அந்த நிலத்தை நிபந்தனை மீறி மற்றவர்களுக்கு விற்றால் அது செல்லாது. ‘அ’ பதிவேட்டின் குறிப்புக் கலத்தை ஏன் கட்டாயம் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

உங்கள் நிலத்தின் ஜாதகம்

மன்றோ விட்டுச்சென்ற கேள்விகள் நான்கு: எந்த வயல், எவ்வளவு பரப்பு, என்ன வகை, யார் பெயர். இன்றைய பதிவேடுகள் அதற்குத்தான் பதில் சொல்கின்றன.

‘அ’ பதிவேடு: கிராமத்தின் எல்லாப் புலங்களும் வரிசையாக இருக்கும் தாய்க் கணக்கு. பழைய புல எண், புதிய புல எண், ரயத்துவாரியா புறம்போக்கா, மண் தரம், தீர்வை, பட்டாதாரர் எல்லாம் இதில் உண்டு. பாட்டன் பத்திரத்தில் உள்ள எண் இன்று எந்த எண்ணாக மாறியது என்பதை இங்கே தேடுங்கள்.

சிட்டா: ஒருவர் பெயரில் கிராமத்தில் உள்ள நிலம் முழுவதின் தொகுப்பு.

அடங்கல்: எந்தப் பசலியில் எந்தப் புலத்தில் என்ன பயிர் என்ற ஆண்டுக் கணக்கு. பசலி ஆண்டு ஜூலையில் பிறக்கிறது. 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை 1434-ம் பசலி.

புலப்பட வரைபடம்: வயலின் வடிவமும் எல்லை அளவுகளும். வரப்புத் தகராறில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

வில்லங்கச் சான்று: இது வருவாய்த் துறை ஆவணம் அல்ல, பதிவுத் துறை தருவது. விற்பனை, அடமானம், பாகப்பிரிவினை எது பதிவாகியிருந்தாலும் இதில் தெரியும்.

பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு, வரைபடம் ஆகியவற்றை அரசு இணைய சேவைத் தளத்திலேயே பார்க்கலாம். ஊர் வேறாக இருந்தாலும் மூலக்கொத்தளத்தில் உட்கார்ந்தபடி எடுக்க முடியும். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் தெரிந்தால் போதும். நகர நிலமாக இருந்தால் நகர நில அளவைப் பதிவேட்டைக் கேளுங்கள்.

அளவைப் பார்க்கும்போது கவனம் தேவை. பத்திரத்தில் ஏக்கர், சென்ட் இருக்கும். பட்டாவில் ஹெக்டேர், ஏர் இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். பட்டாவில் 81 ஏர் என்று இருந்தால் அது உங்கள் இரண்டு ஏக்கர்தான், குறைந்துவிடவில்லை.

1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக்கள் புதிதாக எழுதப்பட்டன. ஊரில் இல்லாதவர்களின் நிலம் பங்காளி பெயரிலோ பக்கத்து வயல்காரர் பெயரிலோ ஏறிய பிழைகள் பல. அப்படி இருந்தால் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, இறந்தவர் இருந்தால் வாரிசுச் சான்று ஆகியவற்றோடு விண்ணப்பியுங்கள். வட்டாட்சியரின் பட்டா உத்தரவில் குறை இருந்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடும், அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வும் செய்யலாம். உரிமையே வழக்காக இருந்தால் உரிமையியல் நீதிமன்றம்தான் முடிவு சொல்லும். பட்டா வருவாய்க் கணக்கு. அது மட்டுமே உரிமைக்கு முழுச் சாட்சி ஆகாது. பத்திரமும் பட்டாவும் அனுபவமும் ஒன்றாகப் பொருந்த வேண்டும்.

ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகங்களில் ஜமாபந்தி நடக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை கிராமக் கணக்கைப் பொதுவில் வைத்துச் சரிபார்க்கும் அந்தப் பழைய வழக்கத்தில் நீங்கள் மனு கொடுக்கலாம். அடுத்த ஜமாபந்தி தேதியைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வையுங்கள். தாத்தா பெயரில் கிடக்கும் பட்டாவைப் பேரன் காலம் வரை இழுக்காமல் இந்தப் பசலியிலேயே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.